நெற்றியால் பாட்டுக் கேட்டவர்

மாடிப்படி இடிந்து விழவில்லை. அந்தக் கட்டடத்தில் நடந்த உண்மையான அற்புதம் அது ஒன்றுதான்.

அத்தனை கூட்டம். கீழே ஜெராக்ஸ் கடை, முதல் மாடியில் ஒரு வக்கீல், இரண்டாம் மாடியில் செவியார். ஜெராக்ஸ் கடைக்காரர் ஷட்டரைத் தூக்கும் முன்பே தெரு முனை வரைக்கும் வரிசை நிற்கும். வக்கீலைப் பார்க்க வந்த ஒருவர் விவரம் தெரியாமல் அந்த வரிசையில் நின்று, அப்படியே மேலே தள்ளப்பட்டு, வழக்கை மறந்து, கழுத்தில் ஒரு ஹெட்போனோடு இறங்கி வந்தார். கொஞ்ச நாளில் அந்த வக்கீலையே வரிசையில் பார்த்தேன். கறுப்புக் கோட்டைக் கழற்றி மடித்துக் கக்கத்தில் வைத்திருந்தார். வெட்கம் இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆசை அதைவிட ஒரு படி மேலே நின்றது.

எதற்கு இந்தக் கூட்டம்? பாட்டுக் கேட்க. சிரிக்காதீர்கள், அதற்குத்தான்.

அப்போது ஊரெல்லாம் அந்த ஹெட்போன் பைத்தியம் பிடித்திருந்தது. மடித்தால் உள்ளங்கையில் அடங்கும். விரித்தால் காதின் மேல் பூனைக்குட்டி உட்கார்ந்த மாதிரி மெத்தென்று உட்காரும். பால் நிறம், சாம்பல் நிறம், காப்பிப் பொடி நிறம் என்று விதவிதமாக வந்தது. எடுத்துப்போகத் தோலில் சின்னதாக ஒரு உறை. கழுத்தில் போட்டுக்கொண்டு நடந்தால், சும்மா தபால் பெட்டி வரைக்கும் போகிறவன்கூட எங்கோ முக்கியமான இடத்தில் தனக்காக நாலு பேர் காத்திருக்கிற மாதிரி நடப்பான். விலையைக் கேட்டால் மட்டும் பேச்சு வராது.

பொருளைக் குறை சொல்ல மாட்டேன். என் மகன் ஒன்று வாங்கி வந்தான். நானும் மாட்டிப் பார்த்தேன். தலையை நெருக்கவில்லை. பாட்டு நன்றாகக் கேட்டது. ஓரத்தில் ஒரு பொத்தானை அழுத்தினால் தெருச் சத்தம் அடங்கியது. நல்ல பொருள். விஷயம் அதோடு முடிந்திருக்க வேண்டும்.

முடிய விடுவார்களா? செவியார் வந்துவிட்டார்.

எங்கிருந்து வந்தார் என்று யாருக்கும் தெரியாது. யாரும் கேட்கவும் இல்லை. வீட்டுக்கு வேலைக்கு ஆள் வைத்தால் ஏழு தலைமுறையை விசாரிக்கிறவர்கள், மண்டையை ஒருத்தனிடம் கொடுக்கும்போது பெயரைக்கூடக் கேட்பதில்லை. தோளில் ஒரு நீலச் சால்வை, காதோரம் மட்டும் நரை, வெண்ணெய் தடவிய குரல். அது போதுமாக இருந்தது.

அவர் கண்டுபிடித்துச் சொன்னது இதுதான். கம்பெனியிலிருந்து வரும் ஹெட்போன் எல்லாம் பூட்டி வருகிறது. உள்ளே தொனி தூங்குகிறது. தூங்கும் தொனியைக் காதில் மாட்டினால் தலைவலி வரும், பதவி உயர்வு தள்ளிப்போகும், மாமியாருக்கும் மருமகளுக்கும் ஆகாது. அதைத் திறக்க வேண்டும். திறந்துவிட்டாலோ, பிள்ளை பரீட்சையில் தேறும், வரன் அமையும், நிலத்தகராறு தீரும். ஹெட்போனுக்கும் நிலத்தகராறுக்கும் என்ன உறவு என்று கேட்கிறீர்களா? வரிசையில் நின்ற யாரும் கேட்கவில்லையே, உங்களுக்கு மட்டும் என்ன அவசரம்?

திறப்பதற்கு முன்னால் மதிப்பீடு உண்டு. நீங்கள் கொண்டுபோன ஹெட்போனை வாங்குவார். காதில் மாட்டமாட்டார். பாட்டும் ஓடாது. அதைத் தன் நெற்றியில் ஒட்ட வைத்துக்கொண்டு கண்ணை மூடுவார். புருவம் ஏறும், இறங்கும். பிறகு தீர்ப்பு வரும். அடித்தொனி எப்படி, நடுத்தொனி எப்படி, மேல்தொனி எப்படி என்று பிரித்துப் பிரித்துச் சொல்லுவார். கடைசியில் எல்லாருக்கும் ஒரே வாக்கியம்: “பூட்டி இருக்கு.” அந்த அறையில் வைத்து அவரே விற்கிற ஹெட்போன் மட்டும் திறந்திருக்கும். அதன் ஓரத்தில் செம்பு நிறத்தில் ஒரு பொட்டு ஒட்டியிருப்பார். அவரே கேள்வித்தாள் போட்டு, அவரே எல்லாரையும் பெயிலாக்கி, அவரே டியூஷனும் எடுக்கிற பள்ளிக்கூடம் அது.

“காதுல மாட்டிப் பாக்க மாட்டாரா?” என்று, வேடிக்கை பார்க்க வரிசையில் நின்ற முதல் நாளே கேட்டேன்.

எனக்கு முன்னால் நின்ற கணக்கு வாத்தியார் திரும்பி என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “காதெல்லாம் நம்மள மாதிரி சாதாரண ஆளுங்களுக்குப் பெரியவரே. அவருக்கு நெத்தியிலயே கேக்கும்.”

“அப்ப அந்த ரெண்டு காது எதுக்கு? கண்ணாடி மாட்டவா?”

“நீங்க இப்படித்தான் பேசுவீங்க. உங்களுக்கெல்லாம் தொனி அமையாது.”

அமையவேண்டாம். பிள்ளைகளுக்குக் கூட்டலும் கழித்தலும் சொல்லிக்கொடுக்கிற ஆள், ஒருத்தனுடைய நெற்றிக்கு இவ்வளவு மார்க் போடுகிறாரே என்பதுதான் என் கவலை.

இன்னொரு சட்டமும் போட்டிருந்தார் செவியார். ஹெட்போனில் எது இடது, எது வலது என்று எழுதியிருக்கும் அல்லவா? அதை மாற்றி மாட்டவே கூடாது. மாட்டினால் தொனி புரளும். தொனி புரண்டால் தொழில் புரளும், குடும்பம் புரளும். ஆகவே இருட்டில்கூடத் தப்பு நடக்காமல் இருக்க, எல்லாரும் இடது பக்கத்தில் ஒரு சிவப்பு நூல் கட்டிக்கொண்டார்கள். எங்கள் தெருத் தையல்கார அக்கா ஒருநாள் அவசரத்தில் மாற்றி மாட்டிவிட்டாள். அன்று சாயங்காலம் பால் பொங்கி அடுப்பு அணைந்தது. அடுப்பைப் பார்க்காமல் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தால் பால் பொங்காமல் என்ன செய்யும்? ஆனால் அக்கா மூன்று நாள் யார் முகத்திலும் விழிக்கவில்லை.

இதையெல்லாம் பார்த்து நான் சிரித்துக்கொண்டேதான் இருந்தேன். சிரிப்பு நின்றது என் மகன் அந்தப் படியில் ஏறிய அன்று.

மகன் தகரம் அழுத்தும் பட்டறையில் வேலை பார்க்கிறான். அவன் நிற்கும் இடத்தில் பெரிய எந்திரம் இடது தோளை ஒட்டி இருக்கும். காதுக்கு அடைப்பான் கொடுத்திருக்கிறார்கள். வியர்க்கிறது என்று அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வான். காது வலிக்காமல் சட்டைப் பையா வலிக்கும்? கொஞ்ச நாளாக இடது காதில் ஒரு இரைச்சல் என்று சொல்லிக்கொண்டிருந்தான். பட்டறை நர்ஸ் பார்த்துவிட்டு, “காது டாக்டர்கிட்ட உடனே போங்க. இதெல்லாம் தள்ளிப்போட்டா திரும்பக் கெடைக்காது” என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறாள்.

போயிருப்பான். ஆனால் அதற்குள் கம்பெனி பஸ்ஸில் ஹெட்போனை மாட்டியவனுக்கு ஒன்று தோன்றியது. இடது பக்கத்தில் பாட்டே வரவில்லை. உடனே என்ன நினைத்தான்? ஹெட்போன் கெட்டுவிட்டது என்று நினைத்தான். நேராகச் செவியாரிடம் போனான். அவர் நெற்றியில் வைத்தார். “இடது பக்கம் இறுகப் பூட்டி இருக்கு தம்பி. அதுதான் உன் காதையும் சேத்துப் பூட்டிடுச்சு. அமர்வுக்கு வா. தொனி திறந்தா காது தானாத் திறக்கும். அதுவரைக்கும் டாக்டர்கிட்ட மட்டும் போயிடாதே. அவங்க காதுக்குள்ள விளக்கடிப்பாங்க. தொனி கருகிடும்” என்றார்.

மகன் வீட்டுக்கு வந்த முகத்தைப் பார்க்கவேண்டும். விடுதலையானவன் முகம். காது போகிறதோ என்று உள்ளூர நடுங்கிக்கொண்டிருந்தவனிடம், போனது காது இல்லை, கடையில் வாங்கின சாமான்தான் என்று ஒருத்தர் சொல்லிவிட்டார். அதைவிட இனிப்பான பொய் எது? அவனை முட்டாள் என்று நான் சொல்லமாட்டேன். பயந்தவன் என்பேன். செவியார் மாதிரி ஆட்களுக்கு முட்டாளைவிடப் பயந்தவன்தான் லாபம்.

மருமகள் விடவில்லை. துணிக்கடையில் வேலை பார்ப்பவள். கண்ணாடி ஜன்னலில் நிற்கும் பொம்மைகளுக்கு உடுத்தி அலங்காரம் செய்வது அவள் வேலை.

“என்னங்க, நர்ஸ் உடனே போகச் சொன்னாங்கல்ல?”

“நர்ஸுக்கு என்ன தெரியும்? கோளாறு காதுல இல்ல, ஹெட்போன்ல.”

“ஹெட்போன் மாட்டாதப்பவும் உங்களுக்குக் கேக்கலையே? இடது பக்கம் நின்னு கூப்பிட்டா திரும்ப மாட்டேங்கறீங்க. திமிருன்னு நெனச்சு நான் மூணு நாள் உங்ககூடப் பேசவே இல்ல.”

“எப்போ?”

“பாருங்க மாமா! நான் பேசாம இருந்ததுகூட இவருக்குத் தெரியல!”

“அது காதுக் கோளாறு இல்லம்மா, எல்லாப் புருஷனுக்கும் உள்ளது” என்றேன். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கும் உள்ளே வரவில்லை.

“செவியார் எப்பத்தான் சாவி குடுப்பாராம்?” என்று கேட்டாள்.

“இன்னும் கொஞ்சம் அமர்வு இருக்கு. நடுவுல விட்டா முதல்லேருந்து ஆரம்பிக்கணும்.”

அந்த அமர்வு என்னதான் என்று பார்க்க நானும் ஒருநாள் கூடப் போனேன். வரிசையாக நாற்காலி போட்டிருந்தார்கள். முதலில் நம்முடைய பூட்டிய ஹெட்போனை மாட்டிவிட்டு ஒரு பாட்டுப் போடுவார்கள். பிறகு செம்புப் பொட்டு வைத்த திறந்த ஹெட்போனை மாட்டிவிட்டு அதே பாட்டு. மாட்டியவர்கள் “ஆஹா” என்பார்கள். எனக்கும் மாட்டினார்கள். இரண்டாவதில் சத்தம் கொஞ்சம் கூடுதலாக இருந்தது. அவ்வளவுதான்.

“என்ன பெரியவரே, வித்தியாசம் தெரிஞ்சுதா?” என்றார் செவியார்.

“சத்தம் ஜாஸ்தியா இருந்துச்சு.”

“அதுதான் திறப்பு!” என்று கையைத் தூக்கினார். கூட்டம் தலையாட்டியது. பாட்டு ஓடுகிற போன் அவருடைய இன்னொரு கையில், சால்வைக்கு உள்ளே இருந்தது. அந்தக் கையின் கட்டைவிரல் என்ன செய்கிறது என்று எட்டிப் பார்த்தேன். சால்வையை இழுத்து மூடிக்கொண்டார். குளிராம். மின்விசிறி இல்லாமல் அத்தனை பேரும் வெந்துகொண்டிருந்த அறையில் அவருக்கு மட்டும் குளிர்.

வெளியே வந்து இதை மகனிடம் சொன்னேன். “உங்களுக்கு எல்லாத்துலயும் சந்தேகம்ப்பா. அம்மா உப்புப் போட்டேன்னு சொன்னாலும் நக்கிப் பாத்துத்தான் நம்புவீங்க” என்றான். பேச்சு அந்த மட்டில் நின்றது. சாலையைக் கடக்க இறங்கினோம். இடது பக்கத்திலிருந்து தண்ணீர் லாரி ஒன்று ஹார்னை அலறவிட்டுக்கொண்டு வந்தது.

மகனுக்கு ஹார்ன் கேட்டது. கேட்கவில்லை என்று சொல்லமுடியாது. கேட்டவன் பதறி வலது பக்கம் திரும்பிப் பார்த்தான். வலது பக்கம் லாரி இருப்பதாக நினைத்துக்கொண்டு, தப்பிக்க இடது பக்கம் பாய்ந்தான். லாரியைப் பார்த்துப் பாய்ந்தான்.

சட்டையைப் பிடித்து இழுத்தேன். பொத்தான்கள் தெறித்தன. இரண்டு பேரும் ஓரத்தில் விழுந்தோம். லாரிக்காரர் எங்கள் பரம்பரையையே திட்டிவிட்டுப் போனார். அவர் மேல் தப்பில்லை.

“சத்தம் இந்தப் பக்கம்தானேப்பா வந்துச்சு?” என்று மகன் வலது காதைத் தொட்டுக் காட்டிக் கேட்டான். அவன் உதடு வெளுத்திருந்தது.

ஒரே காதில் கேட்கிறவனுக்கு உலகத்துச் சத்தமெல்லாம் அந்த ஒரே பக்கத்திலிருந்துதான் வரும் போலிருக்கிறது. அதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். லாரியும் வரும், எந்திரமும் வரும். செவியாருடைய சால்வைக்குள் அதற்கெல்லாம் மருந்து இல்லை.

வீட்டில் சொன்னதும் மருமகள் அழவில்லை, கத்தவில்லை. பேசாமல் உட்கார்ந்திருந்தாள். இந்த முறை அவள் பேசாமல் இருந்தது மகனுக்கும் தெரிந்தது. மறுநாள் வேலையிலிருந்து வந்தவள் கைப்பையில் ஒரு அட்டைப்பெட்டி இருந்தது.

“மாமா, நாளைக்கு ஞாயித்துக்கெழம, செவியார்கிட்ட பொது மதிப்பீடு. நாம எல்லாரும் போறோம். நீங்க அங்க வந்து வாயத் தொறக்கக்கூடாது.”

“நானா? நான் எப்ப தொறந்தேன்?”

“மாமா.”

“சரிம்மா.”

மறுநாள் அறை நிரம்பி வழிந்தது. வக்கீல் வந்திருந்தார், கணக்கு வாத்தியார் வந்திருந்தார், தையல்கார அக்கா முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். எல்லார் ஹெட்போனிலும் சிவப்பு நூல். மருமகள் தன் முறை வந்ததும் பெட்டியைத் திறந்து, பளபளவென்று ஒரு புது ஹெட்போனை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினாள்.

“ஐயா, புதுசு. ஒரு தடவகூட பாட்டுப் போட்டதில்ல. பாத்துச் சொல்லுங்க.”

செவியார் அதை வாங்கி நெற்றியில் வைத்தார். கண் மூடியது. புருவம் ஏறியது. 

“ஆஹா… அடித்தொனி ஆழமா இருக்கு மகளே. கிணத்துக்குள்ள யானை நடக்கற மாதிரி. நடுத்தொனியில… யாரோ ஒரு வயசான பாடகர் உள்ள உக்காந்திருக்கார். வெளிய வர வழியில்லாம அழறார். மேல்தொனி பூட்டி இருக்கு.”

கணக்கு வாத்தியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“ஐயோ பாவம். அவர வெளிய விடணும்னா எத்தன அமர்வு ஆகுங்கய்யா?”

“ஏழு.”

“அவ்ளோ நாள் எதுக்கு அவர அழ விடணும்? நான் இப்பவே விட்டுடறேன்.” ஹெட்போனைத் திரும்ப வாங்கினாள். காது மெத்தைக்குக் கீழே நகத்தைக் கொடுத்து ஒரு இழுப்பு இழுத்தாள். மெத்தை கையோடு வந்தது. உள்ளே பஞ்சு. பஞ்சுக்கு நடுவில் ஒரு இரும்பு வாஷர். அது டங்கென்று தரையில் விழுந்து உருண்டு வக்கீல் காலடியில் போய் நின்றது.

“இது எங்க கடை ஜன்னல்ல நிக்கற பொம்மையோட கழுத்துல கிடந்ததுங்கய்யா. அழகுக்குப் போட்டது. நிஜம் மாதிரி கனமா இருக்கட்டும்னு உள்ள இரும்பு வெச்சிருக்காங்க. ஒயரும் கெடையாது, ஒண்ணும் கெடையாது. அந்தப் பாடகர் எங்கேங்க? யானை எங்க?”

யாரோ ஒருத்தர் சிரித்துவிட்டு, உடனே அதை இருமலாக மாற்றிக்கொண்டார்.

செவியார் கண்ணைத் திறந்தார். குரலில் வெண்ணெய் மட்டும் குறையவே இல்லை. “சடப்பொருளுக்கும் தொனி உண்டு மகளே. அந்த இரும்பு அழுதது. அதைத்தான் நான் கேட்டேன்.”

தலையாட்டினார்கள்! சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு வாஷருக்குத் தலையாட்டினார்கள். தையல்கார அக்கா அதை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தாள். எனக்கு வாய் துறுதுறுத்தது. மருமகள் ஒரு பார்வை பார்த்தாள். மூடிக்கொண்டேன்.

கணக்கு வாத்தியார் எழுந்தார். “அதெல்லாம் கெடக்கட்டும்மா. நாங்க எங்க காதால கேட்டோமே? பூட்டினது மங்கலா இருந்துச்சு. திறந்தது கணீர்னு இருந்துச்சு. அது பொய்யா?”

நியாயமான கேள்வி. அந்த அறையில் அவர் கேட்ட முதல் கேள்வி அதுதான். அதையும் கேட்கவேண்டிய ஆளிடம் கேட்காமல் அவளிடம் கேட்டார்.

“பொய்யில்ல சார். சோதிச்சுப் பாத்துடுவோம். அவர்கிட்டேருந்து அந்தப் போனை நீங்க வாங்கி வெச்சுக்கங்க. சத்தத்த ஒரே அளவுல வெச்சுட்டு விரல எடுத்துடுங்க. கேக்கறவங்க கண்ண மூடிக்கட்டும். எத மாட்டறோம்னு சொல்லாம மாத்தி மாத்தி மாட்டுங்க. திறந்தது எதுன்னு அவங்க சொல்லட்டும்.”

செவியார் சால்வைக்குள் கையை இறுக்கினார். “போன் என் உடம்போட இருக்கணும். இல்லன்னா தொனி…”

“குடுங்கய்யா, வாத்தியார் என்ன கடிச்சா தின்னுடப் போறாரு?” என்று தையல்கார அக்கா வெடுக்கென்று பிடுங்கி வாத்தியாரிடம் கொடுத்தாள். பக்தி இருந்தாலும் அவள் கை வேகமான கை.

முதலில் வக்கீல் உட்கார்ந்தார். கண்ணை மூடினார். ஒன்றை மாட்டினார்கள், கழற்றினார்கள், மற்றதை மாட்டினார்கள். “இது! இதுதான் திறந்தது. சத்தியமாச் சொல்றேன்” என்றார். கண்ணைத் திறந்து பார்த்தால் பொட்டு இல்லாத பழைய ஹெட்போன். அடுத்து அக்கா. “ரெண்டும் ஒரே மாதிரிதானே இருக்கு?” என்று கண்ணை மூடிக்கொண்டே உதட்டைப் பிதுக்கினாள். வாத்தியாருக்கு மாட்டியபோது அவர் இரண்டையும் மாறி மாறிக் கேட்டார். பிறகு போனில் சத்தத்தைத் தானே ஒரு துளி ஏற்றினார். இறக்கினார். மறுபடி ஏற்றினார். அவர் முகத்தில், கரும்பலகையில் தான் தப்பாகப் போட்ட கணக்கைப் பிள்ளைகள் முன்னால் அழித்துவிட்டுத் திருத்திப் போடுகிற களை வந்தது.

“சத்தத்த ஏத்தினா… பூட்டினதும் திறந்துடுது” என்றார்.

இப்போது சிரித்தவர்கள் இருமவில்லை.

ஆனால் என் மகன் சிரிக்கவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தான்.

“எனக்கு அந்த வித்தியாசமெல்லாம் வேணாம்” என்றான். “என்னோடது நெஜமாவே ஒரு பக்கம் பாடலையே. இடது பக்கம் ஒண்ணுமே வரலையே. அது மட்டும் எப்படி? அந்தப் பக்கமாவது பூட்டித்தானே இருக்கு?” கேள்வி செவியாருக்கா, பெண்டாட்டிக்கா, எனக்கா தெரியவில்லை. பூட்டித்தான் இருக்கிறது என்று யாராவது சொல்லமாட்டார்களா என்று கெஞ்சுகிற குரல்.

மருமகள் அவனுடைய ஹெட்போனை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். “திருப்பி மாட்டுங்க” என்றாள். “கோளாறு இதுல இருந்தா, பாடாத பக்கம் இப்ப வலது காதுக்கு வரும். வலது காதுல கேக்கக்கூடாது. இடது காதுல கேக்கணும்.”

“வேண்டாம்!” செவியார் எழுந்தே விட்டார். “தம்பி, தொனி புரளும்! குடும்பம் புரளும்!”

இவ்வளவு நேரம் சிரித்தவர்கள் அத்தனை பேரும் ஒரு அடி பின்னால் நகர்ந்தார்கள். வக்கீல் கதவைப் பார்த்தார். அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். சற்று முன்னால் பொய்யன் என்று கண்டுபிடித்த ஆள் போட்ட சட்டத்துக்கு இன்னும் பயம்! பொய்யனை விட்டாலும் பொய்யை விடமாட்டேன் என்கிற கூட்டத்தை என்ன சொல்வது?

 மகனுக்குத் தொனி பற்றிய பயமில்லை. அவனுக்கு விடை தெரிந்திருந்தது என்று நினைக்கிறேன். சிவப்பு நூல் வலது பக்கம் வர, மாற்றி மாட்டினான். வாத்தியார் பாட்டைப் போட்டார்.

கட்டடம் அசையவில்லை. மின்சாரம் போகவில்லை. யாருக்கும் எதுவும் புரளவில்லை. மகன் மட்டும் அப்படியே நின்றான்.

“கேக்குது” என்றான். வலது காதை விரலால் தொட்டான். “இங்கதான் கேக்குது. பூட்டியிருக்குன்னாரே, அந்தப் பக்கம்தான் இப்ப இந்தக் காதுல பாடுது. நல்லாப் பாடுது.” இடது காதைத் தொட்டான். அங்கே மற்ற பக்கம், இத்தனை நாள் பாடிக்கொண்டிருந்த நல்ல பக்கம், இருந்தது. “இங்க ஒண்ணுமில்ல.”

ஹெட்போனைக் கழற்றிக் கையில் வைத்துப் பார்த்தான்.

“ஹெட்போன் நல்லாத்தான் இருக்குப்பா” என்றான்.

நான் அவன் தோளைப் பிடித்துக்கொண்டேன். மருமகள் அவன் வலது பக்கமாக வந்து நின்று, “வாங்க, டாக்டர்கிட்ட போலாம்” என்றாள். இடது பக்கம் நின்று சொல்லியிருந்தால் கேட்டிருக்காது. அது அவளுக்குத் தெரியும்.

கணக்கு வாத்தியார் கழுத்தில் கிடந்ததை எடுத்துத் திருப்பி மாட்டினார். வக்கீல் மாட்டினார். அக்கா நூலைப் பல்லால் கடித்து அறுத்துத் துப்பினாள். பிறகு எல்லாரும் சேர்ந்து நாற்காலியைப் பார்த்தால் செவியார் அதில் இல்லை.

ஓடத்தான் பார்த்தார். ஆனால் படியெல்லாம் அவர் சேர்த்த கூட்டமாயிற்றே! மேலே நடந்தது எதுவும் தெரியாத வரிசை, தெரு முனை வரைக்கும் நின்றது. செவியாரே இறங்கி வருகிறார் என்றதும் விடுவார்களா? “ஐயா, என்னுத! ஐயா, என்னுத மொதல்ல!” என்று ஆளாளுக்கு ஹெட்போனை எடுத்து அவர் நெற்றியில் அழுத்தினார்கள். அவர் தள்ளினார். அதையே அருள் என்று எடுத்துக்கொண்டு இன்னும் நாலு பேர் அழுத்தினார்கள். நாங்கள் பின்னாலேயே இறங்கியபோது முதல் மாடி வளைவில் அவர் சுவரோடு சுவராக ஒட்டிப்போய், நெற்றியில் கூடை மாதிரி ஹெட்போன்கள் குவிந்திருக்க, “விடுங்கடா, எனக்கு ஒரு எழவும் கேக்காதுடா!” என்று கத்திக்கொண்டிருந்தார். அந்த அறைக்கு வந்த நாளிலிருந்து அவர் வாயிலிருந்து வந்த ஒரே உண்மை அது. அப்போதும் வரிசையில் ஒருத்தர் பக்கத்திலிருந்தவரிடம் கேட்டார்: “பூட்டினதச் சொல்றாரா, திறந்ததச் சொல்றாரா?”

வக்கீல்தான் அவரை மீட்டுத் தன் ஆபீசில் உட்காரவைத்துக் கதவைப் பூட்டிப் போலீசுக்குச் சொன்னார். இந்த முறை நிஜமான பூட்டு.

காது டாக்டர் விளக்கடித்துப் பார்த்தார். எதுவும் கருகவில்லை. கண்ணாடி அறையில் உட்காரவைத்துச் சோதித்தார், மாத்திரை கொடுத்தார், ஊசி போட்டார். “ஏன் இத்தன நாள் வரல?” என்று கேட்டார். “ஹெட்போனத் தெறந்துக்கிட்டிருந்தேன் டாக்டர்” என்றான் மகன். டாக்டர் பேனாவை வைத்துவிட்டு அவனையே பார்த்தார்.

கேட்கும் திறன் கொஞ்சம் திரும்பியது. இடது பக்கம் நின்று சத்தமாகக் கூப்பிட்டால் இப்போது திரும்புகிறான். மெதுவாகப் பேசினால் கேட்பதில்லை. நர்ஸ் சொன்ன அன்றே வந்திருந்தால் இன்னும் கிடைத்திருக்கும் என்றார் டாக்டர். அந்த மிச்சத்தைச் செவியார் எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதை எந்தப் போலீஸாலும் மீட்டுத்தர முடியாது. இப்போது பட்டறையில் அடைப்பான் காதில்தான் இருக்கிறது, பையில் இல்லை. வலது காதையாவது வைத்துக்கொள்ளவேண்டுமே. பஸ்ஸில் வரும்போது அதே ஹெட்போனைச் சன்னமாக வைத்துக் கேட்கிறான். நன்றாகத்தான் பாடுகிறது.

போன வாரம் தையல்கார அக்கா வந்தாள். மகளுக்கு ஒரு ஹெட்போன் வாங்கவேண்டுமாம்.

“பெரியவரே, நல்லது எதுன்னு எப்படிப் பாக்கறது?”

“கடைக்குப் போ. மாட்டிப் பாரு. காதை அழுத்துதா, தலைய நெருக்குதா, பைக்குள்ள மடிச்சு வெக்க முடியுதா, புடிச்ச பாட்டு புடிச்ச மாதிரி கேக்குதா, பாரு. கேட்டா வாங்கு. இல்லன்னா வெச்சுட்டு வா.”

“அவ்ளோதானா?” அவள் முகம் சுருங்கியது. “இல்ல… வெவரம் தெரிஞ்ச யாராவது தொட்டுப் பாத்துச் சொன்னா ஒரு நிம்மதி. பக்கத்துத் தெருவுல ஒருத்தர் வந்திருக்காராம். செல்போன உள்ளங்கையில வெச்சே அதுக்கு ஆயுசு சொல்றாராம்.”

ஐயா, அம்மா, படிக்கிற உங்களையும்தான் கேட்கிறேன். பாட்டுக் கேட்கிற காது உங்கள் தலையில்தானே முளைத்திருக்கிறது? அதற்கு எது பிடிக்கும் என்று தெரிந்துகொள்ள, எவனோ ஒருத்தனுடைய நெற்றிக்கு எதற்கு வரிசையில் நிற்கிறீர்கள்?